ஒரம்பரை

சனிக்கிழமைச் சம்பளம்.
அரைக்கிலோ பருப்பு கூடவே வாங்கிவிட்டேன்.
துளசிமணிக்கு இன்றைக்கும் ஓவர்டைம்,
கம்பெனி வேன் பதினொன்றுக்குத்தான்
அனுப்பர்பாளையம் திரும்பும்.
அதுவரை இந்த ஒற்றை அறைக்கு
நான் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

எங்கள் பக்கம்
விருந்தாளி என்றாலும் ஒரம்பரை,
சொந்தபந்தம் என்றாலும் ஒரம்பரை.
அந்தத் தைரியத்தில்தான் கூப்பிட்டேன்.

தரையில் விரிக்க
செக்கிங்கில் தள்ளிய வானவில் பனியன் இரண்டு,
பக்கத் தையல் பிரித்தது.
ஆறு நிறத்தில் ஊதா மட்டும் ஓரம் கசிந்ததாம்,
பையர் ஏழாயிரம் பீஸைத் திருப்பிவிட்டான்.
எதற்கான பனியன் என்று
லைனில் யாருக்கும் தெரியவில்லை.
சின்னப் பிள்ளைகளுக்கு என்றார் சூப்பர்வைசர்.
நான் குனிந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது கரூர் வக்கீல் மேகலாம்பிகை.
கோர்ட்டுப் படியில் நின்றபடி
"அவன் இல்லீங்க, அவள்னு எழுதுங்க" என்று
நிருபரின் பேனாவைப் பார்த்துச் சொன்னவர்.
அந்த வீடியோவை
நாற்பது தடவை பார்த்திருப்பேன்,
சத்தமில்லாமல்.
என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நிற்கிறேன்,
"ஏனுங், வெளிய தண்ணி லாரி நிக்குது,
மொதல்ல கொடத்தப் போட்டுட்டு வாங்க" என்கிறார்.

குடத்தோடு திரும்பினால்
வானிலை சொல்லும் ஆரோக்கியநாதன்
அடுப்படியில் மூடியைத் திறந்து மோந்துகொண்டிருக்கிறார்.
புயல் கரையேறிய ராத்திரி, செய்திக்கு நடுவில்
காற்றின் வேகம் சொல்லி, மழையளவு சொல்லி
"கடலூர்ல என் வீட்டுக்காரர் தனியா இருக்கார்,
ஜன்னலச் சாத்துப்பா" என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டு
அப்புறம் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதவர்.
அன்றைக்குத்தான் எனக்குக் கடலூர்மேல் பிரியம் வந்தது.

கடைசியாக, பனிநாட்டுக் கோல்கீப்பர்.
ஆறடி. நிலைப்படியில் இடித்துக்கொண்டாள்.
பேர் என் வாயில் நுழையவில்லை.
கோப்பையை வாங்கிய கையோடு
வேலி தாண்டி ஓடிப்போய்
மனைவியை முத்தமிட்ட படம் மட்டும் தெரியும்.
உட்கார்ந்ததும்
விரிப்பின் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள்.
அவள் சட்டையின் கழுத்துப்பட்டி
என் கை வழியாகப் போயிருக்கலாம்.
போகாமலும் இருக்கலாம்.

அரிசிம்பருப்பு ஆவி பறக்கிறது.
சின்ன வெங்காயம், வறுத்த அப்பளம், கட்டித்தயிர்.
வக்கீல் தட்டுகளை எண்ணுகிறார்.
"அந்த அஞ்சாவது?"

துளசிமணிக்குங்க.

"அவங்க உங்களுக்கு என்ன ஆகோணும்?"

சித்தி மகளுங்க.

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது,
கேஸ் புக் செய்தபோது சொன்னது,
நாலு வருசமாகச் சொல்லிச் சொல்லி
நாக்கு தானே எடுத்துக் கொடுத்துவிட்டது.
நான் கூப்பிட்ட ஆட்கள்,
நான் கட்டிய கனா,
அதற்குள்ளும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வக்கீல் ஒரு வெங்காயத்தை
மெதுவாக, ரொம்ப மெதுவாக உரித்தார்.
கோல்கீப்பர் என்னவென்று கேட்க
வானிலைக்காரர் காதோடு மொழிபெயர்த்தார்:
தங்கச்சியாம்.
அவள் சிரிக்காமல் தலையாட்டினாள்.
அவள் ஊரிலும்
அந்தத் தங்கச்சிகள் இருந்திருப்பார்கள்போல.

"இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்துங்க" என்றார் ஆரோக்கியநாதன்.
ஊற்றினேன். கை நடுங்கியதில் நிறையவே விழுந்தது.

வேன் ஹாரன்.
படியில் செருப்புச் சத்தம்.
தலையெல்லாம் பஞ்சாக வந்து நிற்கிறாள் துளசிமணி.
ஒன்றில் மட்டும் சோறு தின்ற அடையாளம்,
மற்ற நாலும் கழுவிக் கவிழ்த்ததுபோல் பளபளக்கிறது.

"இத்தன தட்டு எதுக்கு கண்ணு?"

ஒரம்பர வந்துட்டுப் போனாங்க.

"யாரு, எங்க பக்கமா, உங்க பக்கமா?"

நம்ம பக்கம்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு பனியன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து
சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு
நெய்ச் சொம்பைத் தூக்கி ஆட்டினாள்.

"பூராத்தையும் அவங்களுக்கே ஊத்திட்டயா?
மொதல்லயே சொல்லியிருந்தா
நான் ஓவர்டைமுக்கே போயிருக்கமாட்டேனல்லோ."